முகவரைப் பணியில் அமர்த்துமுன்

கூட்டுறவுச் சங்கம் ஒன்று குமாஸ்தாவை நியமிக்கும்போது அவருடைய கையெழுத்து அழகை மட்டும் பார்ப்பதில்லை. அவர் எந்தப் பேரேட்டைத் திறக்கலாம், எவ்வளவு ரொக்கத்தைக் கையாளலாம், எந்தக் காகிதத்திற்குக் காரியதரிசியின் ஒப்பம் பெற வேண்டும் என்பனவற்றை உபவிதிகளும் நிர்வாகக் குழுவின் தீர்மானங்களும் வரையறுக்கின்றன. பணப்பெட்டியின் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் ஒரே கையில் ஒப்படைத்த சங்கம் தணிக்கை நாளில் தலைகுனிய நேரும் என்பதை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர்.

இன்று புதுவகைக் குமாஸ்தா ஒன்று சங்கத்தின் வாயிலுக்கு வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது அதன் பெயர். பெருந்திரளான எழுத்துகளைக் கற்று, கேட்ட கேள்விக்கு நம் மொழியிலேயே விடை சொல்லும் கணினி மாதிரி ஒன்றே அதன் மூளை. அதனோடு கருவிகள் சிலவற்றை இணைத்துவிட்டால், அது விடை சொல்வதோடு நில்லாது. இருப்புப் பதிவேட்டைப் பார்க்கும், குறுஞ்செய்தி அனுப்பும், கணக்கில் பதிவும் செய்யும்.

இது தொலைதூரத்துச் செய்தியன்று. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு 2022 ஜூனில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. 2023 செப்டம்பரில், பி.எம். கிசான் உதவித்தொகை பற்றிய ஐயங்களுக்கு விடையளிக்கக் கிசான் இ-மித்ரா என்னும் உரையாடும் மென்பொருள் தொடங்கப்பட்டது. அது தமிழிலும் பேசுகிறது. ஒரே திட்டத்தின் கேள்விகளைக் கையாள்வதென்று எல்லை வகுத்துக்கொண்டு அது தொடங்கியமை நாம் கருதத்தக்கது.

இத்தகைய முகவரை நம் சங்கங்களில் அமர்த்துவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதை ஒழுங்குபடுத்தி அமைக்கும் வேலையை மென்பொருள் விற்பவரிடமே விட்டுவிடலாகாது என்பது என் துணிபு. நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். பாவில் ஓர் இழையை அச்சில் தவறாகக் கோத்துவிட்டால், துணியின் நீளம் முழுவதும் அக்கோடு ஓடுகிறது. அப்பிழையை நாடா ஓடும்போது திருத்த முடியாது. தறி ஓட்டுமுன் திருத்தவேண்டும். முகவரின் அமைப்பும் அவ்வாறே.

முதலாவது, அறிவுரைக் கோப்பு. முகவர் யாருக்காக உழைக்கிறது, எதற்கு விடை சொல்லலாம், எதற்குச் சொல்லாமல் அலுவலரிடம் அனுப்பவேண்டும் என்பதைச் சாதாரணத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். இதனை நிர்வாகக் குழு படித்து ஏற்கவேண்டும். மாற்றம் செய்தால் தேதியுடன் பதிவாக வேண்டும். பழைய வடிவத்தை அழித்துவிடலாகாது.

இரண்டாவது, அறிவுத் தொகுப்பு. திருவக்கரைச் சுற்றுப்புறத்து உழவர் ஒருவர் மல்லாட்டை என்பார். மற்றொருவர் மணிலா என்பார். நூலில் நிலக்கடலை என்றிருக்கும். மூன்றும் ஒன்றென முகவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுவது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நம் உழவரோ காணிக் கணக்கில் கேட்பார். நூறு குழி கொண்ட காணி ஏறக்குறைய 1.32 ஏக்கர்; அதற்கு வேண்டுவது 212 கிலோ. காணியை ஏக்கராகவே எண்ணும் முகவர் 160 என்று சொல்லும். நிலத்திற்குச் சேரவேண்டியதில் நான்கில் ஒரு பங்கு குறைந்துபோகும். இன்னும் ஒன்று: மோனோகுரோட்டோபாஸ் 36 சதவிகிதப் பூச்சிமருந்தைத் தடைசெய்து 2023-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. அதற்கு முன் அச்சான கையேட்டை முகவரிடம் கொடுத்தால், தடைசெய்த மருந்தை அது தயக்கமின்றிப் பரிந்துரைக்கும். ஆகவே ஒவ்வோர் ஏட்டிற்கும் வெளியான ஆண்டையும், அதனைச் சரிபார்க்கும் பொறுப்பாளரையும் குறித்துவைத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, அதிகாரம். படிக்கும் உரிமை வேறு, எழுதும் உரிமை வேறு. நூல் இருப்பைப் பார்த்துச் சொல்லட்டும். நூல் வழங்கும் ஆணையை வரைந்து வைக்கட்டும். ஒப்பமிடுவது காரியதரிசியாக இருக்கட்டும். வெளியிலிருந்து வரும் கடிதத்தில் “இத்தொகையை உடனே அனுப்புக” என்றொரு வரி இருந்தால், அதனைக் குழுவின் ஆணையென்று மயங்கும் இயல்பு இம்முகவர்களுக்கு உண்டு. ‘மயங்காதே’ என்று அறிவுரை எழுதினால் மட்டும் போதாது. பணம் அனுப்பும் கருவியையே அதன் கையில் கொடாதிருப்பதே உறுதியான காவல்.

நான்காவது, சாவிகள். வங்கிக்கும் பதிவேட்டிற்குமான கடவுச்சொற்களை மென்பொருளின் எழுத்துக்குள்ளேயே பொறித்துவிடும் வழக்கம் தீயது. அவ்வெழுத்தைப் பிரதி எடுப்பவர் அனைவரும் சாவியையும் எடுத்துக்கொள்வர். சாவிகள் தனியிடத்தில், சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். விற்பவர் மாறினால் சாவிகளும் மாறவேண்டும். அங்கத்தினரின் விவரங்களைக் காப்பது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் நம் கடமையாகிறது.

ஐந்தாவது, ஒத்திகையும் பதிவேடும். உண்மைக் கணக்கின்மேல் ஏவுமுன், போலிக் கணக்கு ஒன்றை அமைத்து அதில் முகவரை ஓட்டிப் பார்க்கவேண்டும். காணிக் கணக்கைப் போன்ற ஐம்பது கேள்விகளை அங்கத்தினரே எழுதித் தரலாம். அமைப்பில் எந்த மாற்றம் செய்தாலும் அந்த ஐம்பதையும் மீண்டும் கேட்கவேண்டும். பணியில் அமர்ந்த பின் முகவர் செய்யும் ஒவ்வொரு காரியமும் தணிக்கையாளர் படிக்கத்தக்க பதிவாக நிற்கவேண்டும். தவறு நேரின் நேற்றைய அமைப்பிற்குத் திரும்பவும், முகவரை உடனே நிறுத்தவும் வழி இருக்கவேண்டும்.

“கிராமத்தாருக்கு இவையெல்லாம் எங்ஙனம் விளங்கும்?” என்று கேட்பவர் உண்டு. திருவக்கரைக்கு அதிகத் தொலைவில்லாத வில்லியனூரை மையமாகக் கொண்டு 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்து மீனவருக்கு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெற்ற கடலலைச் செய்தி ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவிக்கப்பட்டது. மக்களுக்கு வேண்டியது எதுவென முதலில் கேட்டறிந்தனர். மையங்களை ஊராரே நடத்தினர். கணினி நாட்டுப்புறத்திற்குப் புதிதாயிருந்த நாளில் இயன்ற காரியம் இன்று இயலாதென்பது பொருந்தாது.

“இவ்வளவு கட்டுப்பாடு விதித்தால் காலம் நம்மைக் கடந்துவிடும்” என்பது மற்றொரு வாதம். இதில் ஓரளவு உண்மையுண்டு. அதற்காகவே சிறிதாய்த் தொடங்கலாம் என்கிறேன். ஒரு பயிர், ஒரு பருவம், படிக்கும் உரிமை மட்டும். அல்லது நெசவாளர் சங்கமாயின் நூல் இருப்பு ஒன்று மட்டும். பருவ முடிவில் பதிவேட்டைப் பொதுக்குழுவின் முன் வைத்து, மேலும் உரிமை தருவதா என்று தீர்மானிக்கலாம். நம்பிக்கை வளர்ந்த அளவிற்கு அதிகாரமும் வளரட்டும்.

பிழைபட்ட அளவால் விளைச்சல் குறைந்தால் இழப்பது உழவர். கூலிக் கணக்குத் தவறினால் அடுப்பு எரியாதது நெசவாளர் வீட்டில். முகவருக்கு நிலமுமில்லை, தறியுமில்லை, பங்குத்தொகையுமில்லை. பொறுப்பு நம்முடையதாக இருக்கையில், அமைப்பை வகுக்கும் உரிமையும் நம்முடையதாகவே இருக்கவேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இவ்வைந்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுமாறு ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் தீர்மானம் நிறைவேற்றுமாக.