இயேசு நம்மகிட்ட படிச்சாரா?

இந்த மாசம் நான் எழுதறதா ஒத்துக்கிட்டது பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங் பத்தி. அது அடுத்த இதழ்ல வரும் (எடிட்டர் மன்னிக்கணும்). இப்போ எழுதப்போறது ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட் பத்தி. உங்களுக்கும் கண்டிப்பா வந்திருக்கும். இயேசுவோட 12 வயசுல இருந்து 30 வயசு வரைக்கும் பைபிள்ல கதையே இல்ல, அந்த வருஷங்கள்ல அவர் இந்தியாவுல நம்ம குருமார்கள்கிட்ட படிச்சார், இது மறைக்கப்பட்ட வரலாறு, தமிழனா இருந்தா பகிரு. கீழே ஒரு பனிமலை போட்டோ.

எங்க ஹாஸ்டல் குரூப்ல அதைப் போட்டது நான்தான். ராத்திரி பதினொரு மணி, தூக்கம் வரல, விரல் சும்மா இருக்கல.

என் ரூம்மேட் நாசரேத்துக்காரன். பாலஸ்தீனத்து நாசரேத் இல்ல, நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டே அதைப் படிச்சான். "ஏல, அப்போ அவரு உங்க ஸ்டூடன்ட். நாங்க ஸ்டூடன்ட்டுக்கு ஸ்டூடன்ட். அப்படித்தானே?"ன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். ஆனா அடுத்த ரெண்டு நாள் மெஸ்ஸுக்கு என்னைக் கூப்பிடாம போனான்.

அதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சது, நான் அனுப்பினது வரலாறு இல்ல, ஒரு குத்தல்னு. சரி, குத்தலாவே இருக்கட்டும், குறைஞ்சபட்சம் உண்மையான்னு பாப்போம்னு தேட ஆரம்பிச்சேன். ரெக்கார்ட் நோட் எழுத வேண்டிய ஒரு வாரம் இதுலயே போச்சு.

முதல்ல அந்தப் பதினெட்டு வருஷம். அது நிஜமாவே காலி இடம்தான். லூக்கா நற்செய்தியில 12 வயசுப் பையனா எருசலேம் ஆலயத்துல பெரியவங்களோட உக்காந்து பேசறார். அடுத்து அவரைப் பாக்கும்போது ஏறக்குறைய 30 வயசு. நடுவுல, அவர் ஞானத்துல வளர்ந்தார்னு ஒரு வரி, அவ்வளவுதான். ஆனா நாசரேத் ஊர்க்காரங்க அவரைப் பாத்து, 'இவன் நம்ம தச்சன்தானே, இவனுக்கு எங்க இருந்து இவ்வளவு ஞானம்'னு ஆச்சரியப்பட்டதா மாற்கு எழுதியிருக்கார். பதினேழு, பதினெட்டு வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவனைப் பாத்து எந்த ஊர்க்காரனும் இப்படிக் கேக்கமாட்டான். 'வெளிநாட்டுக்குப் போயிட்டு வந்த திமிரு'ன்னுதான் பேசுவான். நம்ம ஊர்ல துபாய் போயிட்டு வந்தவங்களைக் கேட்டுப் பாருங்க!

காலி இடம் இருந்தா கதை வந்து உக்காரும். இதுக்கு நாம இமயமலை வரைக்கும் போகவே வேண்டாம். நம்ம காலேஜ் இருக்கற இதே வாசுதேவநல்லூர்ல பூலித்தேவரோட கோட்டை ஒண்ணு இருந்தது. 1767-ல கும்பினிப் படை அதை அடிச்சுப் பிடிச்சது. அதுக்கப்புறம் பூலித்தேவர் என்ன ஆனார்? எழுத்துல தெளிவா இல்ல. ஆனா பஸ்ல பக்கத்து சீட்டுல இருக்கற தாத்தாகிட்ட கேளுங்க. பிடிபட்டவரு சங்கரன்கோவில்ல சாமி கும்பிட அனுமதி கேட்டாரு, உள்ள போனாரு, ஜோதியில கலந்துட்டாருன்னு கண்ணு கலங்கச் சொல்லுவார். நெல்கட்டும்செவல்காரர் ஒருத்தர் எதிரி கையில சாகறதை இந்த மண்ணால ஏத்துக்க முடியல. அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். அதை யாரையும் தாழ்த்தறதுக்காக யாரும் சொல்றது இல்ல.

இயேசு கதை அப்படி எந்த ஊர் மக்களோட வாயிலயும் பிறக்கல. அதுக்குப் பிறந்த வருஷமே இருக்கு: 1894. ஊர் பாரிஸ். எழுதினவர் நிக்கோலஸ் நோட்டோவிச்னு ஒரு ரஷ்யர். அவர் சொன்ன கதை இது. 1887-ல லடாக் போனாராம். அங்க கால் உடைஞ்சு ஹெமிஸ் புத்த மடத்துல தங்கினாராம். மடத்துத் தலைவர் 'ஈசா'ங்கற மகானோட சரித்திரத்தைச் சுவடியில இருந்து படிச்சுக் காட்டினாராம். புத்தகம் அந்தக் காலத்துல செம வைரல், பல மொழிகள்ல வந்துடுச்சு.

அதே 1894-ல, ஆக்ஸ்ஃபோர்ட்ல இருந்த மாக்ஸ் முல்லர் பதில் எழுதினார். ரிக்வேதத்தைப் பதிப்பிச்ச அதே முல்லர்தான். திபெத்திய நூல் தொகுப்புகளோட பட்டியல்ல இப்படி ஒரு நூலே இல்லைங்கறது ஒண்ணு. லடாக்ல இருந்து ஒரு ஆங்கிலேயப் பெண்மணி எழுதின கடிதம் இன்னொண்ணு. கால் உடைஞ்ச ரஷ்யர் யாரும் அந்த மடத்துல தங்கலைன்னு அவங்க விசாரிச்சு எழுதியிருந்தாங்க. அடுத்த வருஷம், ஆக்ரா அரசுக் கல்லூரிப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் நேராவே ஹெமிஸுக்குக் கிளம்பிட்டார். கவனிங்க, இவர் நோட்டோவிச்சை நம்பிப் போனவர். மடத்துத் தலைவர்கிட்ட மொழிபெயர்ப்பாளர் வச்சு ஒவ்வொரு கேள்வியா கேட்டார். அப்படி ஒரு சுவடி இல்ல, ஈசாங்கற பேரையே கேள்விப்பட்டதில்லன்னு பதில். டக்ளஸ் அதை 1896-ல அச்சுல போட்டார். நோட்டோவிச் லடாக்குக்குப் போனது மட்டும் நிஜம். லே நகரத்துல அவருக்கு வைத்தியம் நடந்ததும் நிஜம். ஆனா கால் முறிவுக்கு இல்ல, பல்வலிக்கு!

நியாயமா பேசணும்னா எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். ராமகிருஷ்ணரோட நேரடிச் சீடர் சுவாமி அபேதானந்தர் 1922-ல ஹெமிஸ் போயிட்டு வந்து, ஒரு லாமா சுவடியைக் காட்டி விளக்கினதா எழுதினார். ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்கும் 1925-ல அந்தப் பக்கம் ஈசா கதைகளைக் கேட்டதா எழுதினார். இவங்க பொய் சொன்னாங்கன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ஆனா ரெண்டு பேரும் போனது நோட்டோவிச் புத்தகம் உலகம் சுத்தி ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு அப்புறம். அபேதானந்தர் அதைப் படிச்சுட்டுத்தான் போனார். இன்னைக்கு வரைக்கும் அந்தச் சுவடியை அறிஞர்கள் கையில யாரும் கொண்டுவந்து கொடுக்கல.

அப்புறம் வந்த புத்தகங்கள் எத்தனையோ. 1983-ல ஜெர்மானியர் ஹோல்கர் கெர்ஸ்டன் எழுதினது அதுல பிரபலம். "இவ்வளவு பேர் எழுதியிருக்காங்களே"ன்னு கேப்பீங்க. லேப்ல ஒரே ஒரு சென்சாரை எடுத்துப் பத்து டிஸ்ப்ளேல கனெக்ட் பண்ணிட்டு, பத்து ரீடிங் ஒத்துப்போகுதுன்னு ரெக்கார்ட்ல எழுதினா சார் என்ன சொல்லுவார்? இங்க அந்தச் சென்சார் நோட்டோவிச்.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தின விஷயம் வேற. நோட்டோவிச் புத்தகத்துல என்னதான் இருக்குன்னு ஃபார்வர்ட் பண்றவங்க யாரும் பாக்கலை (என்னையும் சேத்துத்தான்). அந்தக் கதைப்படி ஈசா வியாபாரிகளோட சிந்துக்கு வர்றார். பூரி ஜகந்நாதம், ராஜகிருகம், காசின்னு ஆறு வருஷம். தெற்கே தலையே காட்டலை. நம்ம குற்றாலத்துல ஒரு குளியல் கூட இல்ல, பாவம். வேதம் படிக்கறார், சரி. அடுத்து என்ன பண்றார்? அதை சூத்திரர்களுக்குச் சொல்லித்தர ஆரம்பிக்கறார். கூடாதுன்னு தடுக்கறாங்க. கேக்கலை. கொல்லத் திட்டம் போடறாங்க. ராத்திரியோட ராத்திரியா தப்பிச்சு நேபாளத்துக்கு ஓடறார். ஆக, போலின்னே வச்சுக்கிட்டாலும், அந்தக் கதையில அவர் நல்ல மார்க் வாங்கின ஸ்டூடன்ட் இல்ல. எல்லாருக்கும் பாடம் நடத்தினதுக்காகக் காலேஜை விட்டே துரத்தப்பட்டவர். 'அவர் நம்மகிட்ட படிச்சார்'னு மட்டும் வெட்டி எடுத்து, துரத்தின பகுதியை விட்டுட்டோம். நமக்குப் பெருமை வேணும், பில் வேண்டாம்!

ஸ்ரீநகர் கான்யார்ல இருக்கற ரோஸாபால் கல்லறை தனிக் கதை. சிலுவைக்கு அப்புறம் இயேசு காஷ்மீர் வந்து அங்கதான் அடங்கினார்னு அஹ்மதியா இயக்கத்தை ஆரம்பிச்ச மிர்ஸா குலாம் அஹ்மத் 1899-ல எழுதினார். அவங்களுக்கு அது நம்பிக்கை, அதோட எனக்குச் சண்டை இல்ல.

சரி, தமிழ் எங்க வந்தது? வந்தது. கணேஷ் தாமோதர் சாவர்க்கர், அதாவது விநாயக் சாவர்க்கரோட அண்ணன், மராத்தியில எழுதின 'கிறிஸ்து பரிசய்'ங்கற புத்தகம் 1946-ல வெளிவந்தது. இயேசு ஒரு தமிழ் இந்து, விஸ்வகர்ம பிராமணர், பேரு கேசவ் கிருஷ்ணா, தாய்மொழி தமிழ், நிறம் கறுப்புன்னு போகுது அது. 2016-ல மும்பையில மறுபடியும் வெளியிட்டாங்க. ஒரு நிமிஷம் எனக்கும் காலர் தூக்கத் தோணிச்சுங்கறதை மறைக்க விரும்பல. ஆனா கல்வெட்டு உண்டா, ஓடு உண்டா, நாணயம் உண்டா? ஒண்ணும் இல்ல.

இதே வேலையை எதிர்த் திசையிலயும் செஞ்சிருக்காங்க. நம்ம பக்கத்து சாயர்புரத்துல ஊழியம் பண்ணின ஜி.யு.போப் 1886-ல குறளை ஆங்கிலத்துல கொண்டுவந்தார். அந்த முன்னுரையில, மயிலைக் கடற்கரையில வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களோட பேசிக்கிட்டு நடந்திருப்பார்னு ஒரு கற்பனை பண்ணினார். 1969-ல தெய்வநாயகம் 'திருவள்ளுவர் கிறித்தவரா?'ன்னு புத்தகமே போட்டார். தோமா–வள்ளுவர் சந்திப்புக்கு ஆதாரம் தர்றேன்னு சொல்லிப் பல லட்சம் வாங்கின ஒருத்தர், போலின்னு வழக்காகி சென்னையில தண்டனை வாங்கினதும் நடந்திருக்கு. ஒரு பக்கம் இயேசு நம்ம மாணவர், இன்னொரு பக்கம் வள்ளுவர் அவங்க மாணவர். யாரோ ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கீழ பெஞ்சுல உக்காந்தே ஆகணுமா?

இவ்வளவு சொல்லிட்டு, அந்தக் காலத்துல போக்குவரத்தே இல்லைன்னு நான் சொல்லிட்டா அதுவும் பொய். எகிப்துல செங்கடல் ஓரத்துல குசேர் அல் காதிம்னு ஒரு பழைய துறைமுகம். அங்க தோண்டினப்போ கிடைச்ச பானை ஓடுகள்ல தமிழ்ப் பிராமியில கண்ணன், சாதன்னு பேரு கீறியிருக்கு. பெரெனிகே துறைமுகத்துல கொறபூமான்னு ஒருத்தர் பேரு. எல்லாம் கி.பி. முதல் நூற்றாண்டு, ஏறக்குறைய இயேசு காலம்! நம்ம ஆளுங்க அங்க போயிருக்காங்க. மிளகு போயிருக்கு, ரோமானியக் காசு இங்க வந்திருக்கு. சாதனோட ஓடு கைப்பிடி அளவு கூட இருக்காது. ஆனா அதைக் கையில எடுத்துப் பாக்கலாம், அளக்கலாம், எழுத்தை யார் வேணாலும் திரும்பப் படிச்சுச் சரிபாக்கலாம். ஹெமிஸ் சுவடியால முடியாதது இதுதான்.

கதைகளும் பயணம் போயிருக்கு. புத்தரோட கதை பாரசீகம், அரபு வழியா மேற்கே போகப் போக, போதிசத்வர்ங்கற சொல் தேய்ஞ்சு தேய்ஞ்சு ஜோசபாத்னு ஆச்சு. கடைசியில ஐரோப்பாவுல அவர் ஒரு கிறிஸ்தவப் புனிதர்! நவம்பர் 27-ன்னு திருநாள் கூட இருந்தது. ரோஸாபால்ல அடங்கினதா சொல்ற யூஸ் ஆசஃப்ங்கற பேரும் இதே சொல்லோட இன்னொரு தேய்வுதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இது எந்த ஃபார்வர்ட்லயும் வராது. இதுல யாருக்கு யார் குருன்னு சண்டை போட வழியில்லையே!

பெரியவங்க நம்ம ஊருக்கு வந்திருக்கணும்ங்கற ஆசையில தப்பே இல்ல. காசிக்கு நடந்து போற பக்தர்கள் வழியிலயே செத்துப் போறாங்க, அதனால இங்கயே கோயில் கட்டுன்னு சிவன் கனவுல வந்து சொன்னதா பராக்கிரம பாண்டியன் கதை நமக்குத் தெரியும். பதினைந்தாம் நூற்றாண்டுல கோயில் எழும்பிச்சு. ஊருக்குப் பேரு வச்சாங்க பாருங்க, 'தென்'காசி. இதுதான் நிஜக் காசி, கங்கைக்கரையில இருக்கறது டூப்ளிகேட்னு யாரும் கல்வெட்டு வெட்டல. என் ரூம்மேட்டோட நாசரேத்தும் அப்படித்தான். ஆசையா வச்ச பேரு. இயேசு இங்க தச்சு வேலை பாத்தார்னு அந்த ஊர்ல ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. கோவில்பட்டி பக்கம் காமநாயக்கன்பட்டியில வேலை பாத்த இத்தாலிக்காரர் வீரமாமுனிவரும், சூசையப்பர் கதையைத் தேம்பாவணியா தமிழ்ல பாடினார், நம்ம காப்பிய மரபுலயே. சூசையப்பர் மதுரைக்காரர்னு பிறப்புச் சான்றிதழ் தயார் பண்ணல.

இதையெல்லாம் ரூம்மேட்கிட்ட சொன்னேன். பல்வலி சமாச்சாரத்துக்குத்தான் ரொம்ப நேரம் சிரிச்சான். "ஃபார்வர்டை டெலிட் பண்ணிட்டியா?"ன்னு கேட்டான். எல்லாருக்கும் டெலிட் ஆகற நேரம் தாண்டிடுச்சு, அது குரூப்லயே கிடக்கு. அதனால அதுக்குக் கீழயே ரிப்ளையா இந்தக் கட்டுரையோட லிங்கைப் போடறேன்னு சொல்லியிருக்கேன். "யாரும் இவ்வளவு பெருசைப் படிக்கமாட்டானுவ"ன்னுட்டு மெஸ்ஸுக்குக் கூப்பிட்டான். அன்னைக்கு சாம்பார் சுமார்தான்.

நேத்து காலையில அதே பனிமலை போட்டோ எங்க ஃபேமிலி குரூப்ல வந்திருக்கு. அனுப்பினது பெரியப்பா. கீழே பதினாலு கும்பிடு எமோஜி. பெரியப்பாகிட்ட நோட்டோவிச்சோட பல்வலியை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரிஞ்சவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க.