ஓடுறவரும் நிக்கிறவரும்

"இங்கிலீஷ் எனக்கு வராது மாமா"ன்னு அழுதா அக்கா பொண்ணு. 'ரன்'னா ஓடு, அவ்ளோதான் மனப்பாடம்.

அந்த ஒரு வினைச்சொல்லுக்கே 645 அர்த்தம்னு 2011 வாக்குல ஆக்ஸ்போர்டு அகராதிக்காரங்க சொன்னாங்க! பழைய ஆங்கிலச் சொல்லோட, வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் சொல்லும் கலந்து வந்தது.

பயப்படாதீங்க. அருப்புக்கோட்டையில தறி ஓடும், படம் ஓடும். மழை பெஞ்சா திருச்சுழி குண்டாத்துல தண்ணி ஓடும். எல்லாமே 'ரன்'தான்.

தேர்தல் மட்டும்தான் இடிக்கும். 1977ல எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில 'நின்னு' ஜெயிச்சார். அமெரிக்காக்காரன்னா 'ஓடினார்'னு எழுதுவான். பிரிட்டிஷ்காரன் நம்மள மாதிரி நிக்கிறவன் :-)

பாதிப் பாடம் பிள்ளைங்க வாயிலயே இருக்கு. அதை விட்டுட்டு, வராதுன்னு முத்திரை குத்தி கரிசக்காட்டுப் பிள்ளைங்களை உட்கார வைக்கிறது அநியாயம். ஓடுற தறியில இருந்து ஆரம்பிங்க வாத்தியாரே!