முப்பரிமாண இணையத்தில் சேரி எங்கே இருக்கிறது?

போன மாதம் தம்பி ஒருவன் என் தலையில் வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டான். பொறியியல் படித்தவன், மதுரையில் சின்னதாக ஒரு அனிமேஷன் நிறுவனத்தில் வேலை. "எங்கண்ணே போகணும்? சொல்லுங்க, போயிரலாம்" என்றான். முதலில் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். பொற்றாமரைக் குளம், ஆயிரங்கால் மண்டபம், அண்ணாந்தால் கோபுரம். தலையைத் திருப்பினால் மண்டபமும் கூடவே திரும்புகிறது. அசந்துதான் போனேன். "நம்ம ஊருக்குப் போடா" என்றேன். மேலூர் தாண்டித் தார்ச்சாலை வந்தது, ஊர் மந்தை வந்தது. மந்தையிலிருந்து எங்கள் தெருவுக்குப் பிரியும் பாதையில் அம்புக்குறி இல்லை.

"இதுக்கு மேல டேட்டா இல்லண்ணே" என்றான்.

டேட்டா தானாக இல்லாமல் போவதில்லை, தோழர்களே. கேமரா பொருத்திய வண்டி அகலமான சாலையில் போகிறது. அகலமான சாலை ஊர்த்தெருவுக்குப் போகிறது. சேரிக்கு ஏன் சாலை வரவில்லை என்று கேமராவுக்குத் தெரியாது. ஊரைச் சாதி எப்படி வகுந்து வைத்ததோ, அதையே பிரதி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. யாரும் சதி செய்யவில்லை. சதி தேவைப்படவே இல்லை என்பதுதான் என் கோபம்.

"இதெல்லாம் பணக்காரர் பொம்மை, நமக்கெதுக்கு?" என்று சில மூத்த தோழர்கள் கேட்கிறார்கள். இணையத்தை முப்பரிமாணமாக்கும் கனவு பழையது. 1994-லேயே அதற்கென ஒரு கணினி மொழி உருவாக்கினார்கள், அன்றைய கணினியும் இணைப்பும் தாங்கவில்லை. 2021-இல் பேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டு மெட்டாவர்ஸ் என்று முழங்கியது, அந்தச் சத்தமும் அடங்கிவிட்டது. ஆனால் சத்தமில்லாமல் நடந்தது வேறு. கைப்பேசியில் எடுத்த சில நூறு படங்களிலிருந்து ஓர் இடத்தை நடந்து பார்க்கும்படி உருவாக்கும் 'காசியன் ஸ்பிளாட்டிங்' என்னும் முறை 2023-இல் வந்தது. இனி வாடகை வீட்டையும் கல்லூரி விடுதியையும் கல்யாண மண்டபத்தையும் பக்கத்தில் படித்துத் தெரிந்துகொள்ள மாட்டார்கள், உள்ளே நடந்து பார்ப்பார்கள். உலகம் அப்படிப் பார்க்கப்படும்போது அதில் இல்லாத தெரு, இல்லாத தெருதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்தாக மட்டும் இருந்த இணையம் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. நான் இருபது வயதில் முதல் கட்டுரையை அனுப்பியபோது யாரும் "எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை. அதற்காக அது சாதியற்ற இடமாக இருந்தது என்று கதைவிட மாட்டேன். சாதிக்கொரு கடை விரித்த திருமணத் தளங்களும் அங்கேதான் வளர்ந்தன. ஆனாலும் எழுத்துக்கு முகவரி தேவைப்படவில்லை. பிறகு முகப்படம் கேட்டார்கள். பிறகு வீடியோ. நேர்காணலில் நம் முதுகுக்குப் பின்னால் தெரியும் சுவரும் சேர்ந்து பேச ஆரம்பித்தது. அடுத்து வருவது தெருவோடு, வாசலோடு, உடம்போடு வரும் இணையம். அவதாரத்துக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். அவதாரம் நிற்கிற இடத்துக்கு உண்டு.

இந்தியாவில் கூகுளின் 'ஸ்ட்ரீட் வியூ' 2022 ஜூலையில்தான் முறையாகத் தொடங்கியது. 2011-இல் பெங்களூரு காவல்துறை அதன் வண்டிகளை நிறுத்தியது, 2016-இல் ஒன்றிய உள்துறை அனுமதி மறுத்தது. காரணம் தேசப் பாதுகாப்பு. 2021-இல் விதி தளர்ந்தபோது, தெருக்களைப் படமெடுத்து அளக்கும் உரிமை இந்திய நிறுவனங்களுக்கே என்றானது. ஆகவே டெக் மஹிந்திரா, ஜெனிசிஸ் இரண்டும் படமெடுத்துக் கொடுத்தன. முதல் 10 நகரங்களில் தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டும். பத்தாண்டு விவாதத்தில் ராணுவ முகாம் தெரியலாமா என்று கேட்டார்கள். ஊரும் சேரியும் ஒரே வரைபடத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்று அரசு கேட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

கோயிலுக்கு வருவோம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதுவரை எங்கள் முன்னோருக்கு அந்தக் கோபுரம் தூரத்துக் காட்சி மட்டுமே. இன்று அமெரிக்காவில் இருந்தபடியே ஒருவர் 360 டிகிரியில் பிரகாரம் சுற்றுகிறார். நல்லது. ஆனால் கண்ணாடியோடு கருவறை வரை நடந்து பாருங்கள், நின்றுவிடும். உள்ளே படமெடுக்கக் கூடாது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராவதற்கு இவ்வளவு வழக்கு நடந்த நாட்டில், ஆகமம் பிக்சலுக்கும் பொருந்துகிறது!

எழுமலை அருகே உத்தப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 கலவரத்துக்குப் பின் எழுந்த சுவர். அதன் மேல் மின்கம்பி இழுத்த செய்தி 2008-இல் நாடு முழுக்கப் போனது. அந்த ஆண்டு மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியை இடித்தது. நாளை வானிலிருந்து எடுத்த படங்களால் அந்த ஊருக்கு அச்சு அசலான முப்பரிமாண மாதிரி செய்யலாம். சுவரின் உயரமும் கனமும் செங்கல்லும் சென்டிமீட்டர் பிசகாமல் இருக்கும். யாரைத் தடுக்கக் கட்டினார்கள் என்பது இருக்காது. சுற்றுலா வருகிறவன் அதைப் பழைய மதில் என்று நினைத்துக் கடந்துபோவான்.

அப்படியானால் நாமே சேரியை முழுக்கப் படமெடுத்து ஏற்றிவிடலாமா? தம்பி அதைத்தான் சொன்னான், "ஒரு ஞாயித்துக்கிழமை போதும்ணே." எனக்கு உடனே நத்தம் காலனி நினைவுக்கு வந்தது. 2012 நவம்பர் 7, தருமபுரி. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்கிட்டு மூன்று ஊர்களில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். வரைபடம் இல்லாமலேயே செய்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு கதவும் பின்வாசலும் சந்தும் அளவோடு இணையத்தில் கிடந்தால்? "எங்களையும் காட்டு" என்ற கோரிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் களத்தில் இறங்கக் கூடாது. இல்லாமல் போவதும் ஆபத்து, முழுக்கத் தெரிவதும் ஆபத்து.

ஆகவே என் தரப்பு இது. வீடுகளை விட்டுவிடுவோம். எங்கள் தெருவின் பெயர் வரைபடத்தில் சரியாக இருக்கட்டும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார், அது கைப்பேசித் திரைக்கும் வரட்டும். ஆனால் நடந்து பார்க்கும்படி பதிய வேண்டியது சாதி நின்ற இடங்களை. சுவர், தனிச் சுடுகாடு, பிணம் கொண்டுபோக விடாத பாதை, இரட்டைக் குவளைக் கடையின் பெஞ்சு. ஒவ்வொன்றிலும் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற எழுத்தும் ஒட்டியிருக்க வேண்டும். கோப்பு நம் கையில், நம் சர்வரில் இருக்க வேண்டும். இதற்கு முன்னோடி நம் மதுரையிலேயே உண்டு. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' எந்த வண்டியும் போகாத இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோனது. 2017-இல் திரையிடக் காவல்துறை தடுத்தபோது யூடியூபில் ஏற்றினார்கள், நாடே பார்த்தது.

தம்பியிடம் மேலவளவிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனும் தோழர்களுமாக ஆறு பேர் கொல்லப்பட்ட ஊர். பேருந்து மறிக்கப்பட்ட சாலை, விடுதலைக் களம், அவர் உட்காரவிடாமல் தடுக்கப்பட்ட நாற்காலி இருந்த ஊராட்சி அலுவலகம். வரும் ஜூன் 30 அன்று அஞ்சலி செலுத்த வருகிறவர்கள் கைப்பேசியில் இடம் காலி செய்துகொண்டு வாருங்கள். சாலையின் இரு பக்கமும் மெதுவாக நடந்து எடுக்க வேண்டும். ஆட்களின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.