ஆரணி டு ஜப்பான்... தினமும் அரை மணி நேரம் போதுமா?

'மூணே மாசத்துல ஜப்பானிய மொழி, ஆறாவது மாசம் ஜப்பான்ல வேலை!' இந்த மாதிரி ரீல்ஸ் உங்க போன்லயும் வந்திருக்கும். இந்த வேகத்துக்குக் காரணம் இருக்கு. 2025 ஆகஸ்ட்டில் பிரதமர் மோடி டோக்கியோ போனப்போ, 5 வருஷத்தில் 50,000 திறன்மிக்க இந்தியர்களை ஜப்பானுக்கு அனுப்புறதுன்னு இரண்டு நாடுகளும் திட்டம் போட்டாங்க. அங்கே மக்கள்தொகையில் 4-ல் ஒரு பங்குக்கும் மேல் 65 வயதைத் தாண்டியவங்க. ஆள் தேவை நிஜம். 'மூணு மாசம்'தான் இடிக்குது.

'குறிப்பிட்ட திறன் பணியாளர்' விசாவுக்கு, தொழில் திறன் தேர்வோடு ஜே.எல்.பி.டி தேர்வில் என்-4 நிலை, இல்லைன்னா ஜே.எஃப்.டி பேசிக் தேர்வில் பாஸ் வேணும். என்-4க்கு இணையான பழைய நிலைக்கு, 2010-க்கு முன்பு சொல்லப்பட்ட கணக்கு சுமார் 300 மணி நேரப் படிப்பு, 1,500 சொற்கள், 300 கான்ஜி எழுத்துகள். தினமும் அரை மணி நேரம்னா 600 நாள். மூணே மாசத்தில் முடிக்கணும்னா, ஒரு நாள்கூட விடாம 3 மணி 20 நிமிஷம் உட்காரணும்.

ஆரணியில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். பட்டுத்தறியில் கூலி புடவைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. தறியை விட்டு எழுந்து படிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் கூலியில் விழும் துண்டு. செய்யாறு சிப்காட்டுக்கோ ஒரகடத்துக்கோ கம்பெனி பஸ் ஏறுறவங்களுக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வீடு வந்தா தூக்கம்தான் மிச்சம். இவங்களைப் போய் 'வேலையை விட்டுட்டு கோர்ஸ்ல சேருங்க'ன்னு சொல்றது பொறுப்பான யோசனை இல்லை.

ஆனா, கைத்தறியில் கால் மிதிக்கும், கை நாடாவை ஓட்டும், கண் ஜரிகை மேல இருக்கும். காது மட்டும் சும்மாதான் இருக்கு. ஜப்பான் பவுண்டேஷன் தயாரிச்ச 'இரோதோரி' பாடங்களும் ஆடியோவும் இணையத்தில் இலவசம். வைஃபை இருக்கிற இடத்தில் டவுன்லோடு பண்ணிட்டா, ஒரே உரையாடலை நாள் பூரா திரும்பத் திரும்பக் கேட்கலாம். (பவர்லூம் ஷெட்டில் இது நடக்காது. அந்தச் சத்தத்தில் ஹெட்போன் வால்யூமை ஏத்தினா காதுதான் போகும்.) பஸ்ல போறவங்களுக்கு ஆங்கிடிராய்டு மாதிரி இலவச அட்டை ஆப் சரி. 'அன்கி'ங்கிறதே மனப்பாடத்துக்கான ஜப்பானியச் சொல்தான். உட்கார்ந்து எழுதிப் பார்க்கிற நேரத்தை ஹிரகானா, கதகானா, கான்ஜிக்கு மட்டும் ஒதுக்குங்க.

நேரத்தை மிச்சம் பிடிக்க இன்னொரு வழி: இங்கிலீஷ் வழியா யோசிக்காதீங்க. 'வதாஷி வா கோஹான் ஓ தபேமாஸ்' என்பது வார்த்தைக்கு வார்த்தை 'நான் சாதம் சாப்பிடுறேன்' வரிசைதான். வேற்றுமை உருபு மாதிரியே அங்கேயும் சொல்லுக்குப் பின்னாடி ஒட்டு வரும். 'தபேதே மிரு'ன்னா 'சாப்பிட்டுப் பார்'. 'மிரு'ன்னா பார்ப்பது. 'கத்தே ஓகு'ன்னா 'வாங்கி வை'. இங்கிலீஷ்ல இதை விளக்க அரைப் பக்கம் ஆகும், நமக்கு அரை வரி போதும். இதை வெச்சு ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுன்னு ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏத்துக்கலை. உறவோ இல்லையோ, வசதி வசதிதான்!

பணம் கட்டும் முன்னாடி இரண்டு விஷயம். ஜே.எல்.பி.டி-யில் பேச்சுத் தேர்வே கிடையாது. சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு, வேலைக்கான இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாம போகலாம். அதனால கேட்டதைத் திருப்பிச் சொல்லி போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. அடுத்தது, இந்த விசாவின் முதல் வகையில் பொதுவா 5 வருஷம்தான், குடும்பத்தையும் கூட்டிட்டுப் போக முடியாது. ரீல்ஸ்ல இது வராது.

ஜே.எல்.பி.டி பொதுவா ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு நடக்கும், சென்னையிலும் மையம் உண்டு. டிசம்பர் தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாசங்கள்தான் தறிக்கு தீபாவளி, கார்த்திகை முகூர்த்த ஆர்டர் குவியுற மாசங்கள். நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜூலைதான் தோது. கம்ப்யூட்டரில் எழுதும் ஜே.எஃப்.டி பேசிக் வருஷத்தில் பல முறை நடக்குது, வேலை குறைஞ்ச ஆடி மாசமாப் பார்த்துகூட எழுதிக்கலாம்.