வருமுன் காக்கும் ஊசி

1885-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வெறிநாய்க் கடிபட்டு வந்த ஒரு சிறுவனுக்குப் பாரிஸ் நகரிலே லூயி பாஸ்டர் தடுப்பு மருந்து செலுத்துவித்து உயிர் காத்தார். 1907-இல் நமது குன்னூரிலேயே அவர் பெயர் தாங்கிய ஸ்தாபனம் தோன்றி, கடிபட்டோருக்கு அபயம் அளிக்கலாயிற்று. ஆயினும், நோயின் லட்சணங்கள் தென்பட்ட பின்னர் எந்தச் சிகிச்சையும் ஏறக்குறைய நிஷ்பலமே என்பதும், மனிதரைப் பீடிக்கும் வெறிநோய் பெரும்பாலும் நாய்களின் மூலமே வருகிறது என்பதும் நாம் மறக்கலாகாத உண்மைகள்.

ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு 70-க்கேனும் தவறாது ஊசி போட்டுவிட்டால், நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. ஆகவே, குட்டி மூன்று மாதப் பிராயம் எய்தியதும் முதல் ஊசியும், பின்னர் கால்நடை வைத்தியர் விதிக்கும் காலந்தோறும் மறு ஊசியும் போடுவிப்பது, நாயையோ பூனையையோ வளர்ப்போர் ஒவ்வொருவருக்கும் கடமை. கேட்பாரற்ற தெருநாய்களுக்கு அதே உபகாரத்தைச் செய்வது நகரசபைகளின் பொறுப்பு.

வாயில்லாப் பிராணியிடம் காட்டும் அன்பு, சோறு வைப்பதோடு முடிந்துவிடுவதன்று. கடிபட்டபின் ஆஸ்பத்திரி வாசலில் கலங்கி நிற்பதைவிட, கடிக்கு முன்னரே ஊசியை நாடுவது அன்றோ விவேகம்?