செலின் தம் தந்தைக்குச் செலுத்திய காணிக்கை

நம் பங்குகளில் குடும்பத் தலைவர் ஒருவர் இறைவனடி சேர்ந்து முப்பதாம் நாளில் நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும்போது, பிள்ளைகள் அவருடைய படத்தோடு ஒரு சிறு அட்டையை அச்சிட்டு உற்றார் உறவினர்க்கு வழங்குவதுண்டு. அவர் செய்த தான தருமங்களும், மக்களை ஆளாக்க அவர் பட்ட பாடும் அதில் இடம்பெறும். ஆனால், கடைசி ஆண்டுகளில் அவர் சித்தம் கலங்கியிருந்தவராயின், அவ்வாண்டுகளைப் பற்றி அந்த அட்டையில் ஒரு சொல்லும் இராது. வீட்டிலும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். இறந்தவரின் மானத்தைக் காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே இதற்குக் காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், வேறு விதமாக நடந்துகொண்ட ஒரு மகளைப் பற்றி இம்மாதம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அம்மகளின் பெயர் செலின். நாம் சிறுமலர் என்று அன்போடு அழைக்கும் புனித குழந்தை தெரேசம்மாளுக்கு நேர் மூத்த அக்காள். தங்கையின் பெயரால் நம் நாட்டில் எத்தனையோ பள்ளிகளும் ஆலயங்களும் இருக்க, அக்காளை அறிந்தோர் நம்மில் சிலரே. எண்பது வயதைக் கடந்த மூதாட்டியாய் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் வாழ்ந்திருந்த செலின், 1953ஆம் ஆண்டில் தம் தந்தை லூயி மார்ட்டினைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். தந்தை இறந்து அப்போது ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

லூயி மார்ட்டின் 1823இல் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரில் ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்தார். இளமையில் ஆல்ப்ஸ் மலைமேலுள்ள புனித பெர்னார்டு மடத்தில் சேர விரும்பிச் சென்றார். இலத்தீன் மொழி தெரியாததால் அவரை ஏற்கவில்லை. பின்பு கடிகாரத் தொழிலைக் கற்று அலன்சோன் நகரில் கடை வைத்தார். 1858இல் செலி கேரன் என்னும் பெண்மணியை மணந்தார். ஒன்பது குழந்தைகள் பிறந்து, நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சியோர் ஐந்து பெண்மக்கள். 1877இல் மனைவியும் புற்றுநோயால் மறைந்தார். இளையவளான தெரேசாவுக்கு அப்போது நான்கரை வயது. பிள்ளைகளுக்குத் தாய்மாமன் வீட்டின் துணை வேண்டும் என்பதற்காகவே அவர் பழகிய ஊரைவிட்டு லிசியே நகரில் குடியேறினார்.

இம்மனிதரின் குணத்தைக் காட்ட இரண்டொரு செய்திகள் போதும். அவருடைய கடை ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கப்பட்டதே இல்லை. சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் நகரத்திற்கு வந்து பொருள் வாங்கும் நாள் அதுதான். பக்கத்துக் கதவையாவது திறந்து வையுங்கள் என்று நண்பர்கள் சொன்னதையும் அவர் கேட்கவில்லை. ஒருமுறை இரயில் நிலையத்தில், வலிப்பு நோயால் துன்புற்ற ஓர் ஏழை ஊர் திரும்பப் பணமின்றிப் பட்டினியாய் நிற்கக் கண்டார். உடனே தம் தொப்பியைக் கழற்றி, அதில் தம் காசைப் போட்டு, பயணிகளிடம் ஒருவர் பின் ஒருவராகச் சென்று அவருக்காகப் பிச்சை கேட்டார். தூண்டிலிட்டு மீன் பிடிப்பது அவருக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு. பிடித்த மீனைக் கன்னியர் மடத்திற்கு அனுப்பிவிடுவார். பிற்பகலில் கடைசி மகளைக் கைப்பிடித்து உலாவச் செல்வார். நாளுக்கு ஓர் ஆலயமாகத் தேவ நற்கருணையைச் சந்திப்பார்கள். அவளுக்கு அவர் ‘அரசர்’. அவருக்கு அவள் ‘சின்ன அரசி’.

மூத்த மகளிர் பவுலினும் மரியாவும் கார்மேல் மடம் சென்றனர். 1888 ஏப்ரலில், பதினைந்தே வயதான தெரேசாவும் சென்றார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் செலினும் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். தந்தை கலங்கவில்லை, தம் பிள்ளைகள் அனைவரையும் கேட்டு இறைவன் தமக்குச் செய்யும் மேன்மைக்கு நன்றி சொல்லலாம் வா என்று மகளை ஆலயத்திற்கு அழைத்தார். அதன் பின் ஒரு வாரமே சென்றிருக்கும். எவரிடமும் சொல்லாமல் அவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார்! நான்கு நாள் தேடலுக்குப் பின் லே ஹாவ்ர் துறைமுக நகரில் செலினும் தாய்மாமனும் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் இறுகிப் போனதால் உண்டான நோய் அது. அதற்கு முந்திய ஆண்டிலேயே பக்கவாதத்தின் முதல் தாக்குதல் நேர்ந்திருந்தது. 1889 பிப்ரவரியில் நிலைமை முற்றியது. போர் மூண்டுவிட்டதாகவும், பீரங்கிகள் முழங்குவதாகவும் அவருக்குத் தோன்றியது. தம் பெண்மக்களைக் காக்க வேண்டும் என்று கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். அறிவு தடுமாறிய நிலையிலும் அவர் நெஞ்சில் நின்றது பிள்ளைகளின் பாதுகாப்பே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பிப்ரவரி 12ஆம் நாள் அவரைக் கான் நகரத்திலிருந்த மனநோயாளர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

ஊரார் வாளாவிருப்பார்களா? பெண்கள் ஒவ்வொருவராக மடத்திற்குப் போனதால்தான் தகப்பனுக்குப் பைத்தியம் பிடித்தது என்றார்கள். செல்ல மகள் தெரேசாதான் காரணம் என்றும் கூறினார்கள். இப்பேச்சு மடத்துச் சுவர்களையும் கடந்து உள்ளே சென்றது. பழி சொல்லும் நாவுகள் எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன போலும்.

செலினும் மற்றோர் அக்காளான லெயோனியும் கான் நகருக்கே சென்று சில மாதங்கள் தங்கினார்கள். நாள்தோறும் இல்லத்தின் வாயிலுக்குப் போய் நலம் விசாரிப்பார்கள். வாரம் ஒருமுறையே தந்தையைக் காண முடிந்தது. அறிவு தெளிந்த வேளைகளில், மருத்துவர் ஒருவரிடம் அவர் சொன்ன செய்தி பதிவாகியிருக்கிறது. எப்போதும் கட்டளையிட்டே பழகிய தமக்கு இப்போது கீழ்ப்படிய நேர்ந்திருக்கிறது. வாழ்வில் தாழ்வு என்பதை அறியாத தமக்கு அதுவும் தேவைப்பட்டது என்பதே அதன் கருத்து. ஆனால் எல்லாமே இப்படி அமைதியாக நடந்துவிடவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், சொத்துகளை நிருவகிக்கும் உரிமையைத் துறப்பதாக அவரிடம் கையொப்பம் வாங்கினார்கள். பிள்ளைகளே தம்மைக் கைவிட்டதாக எண்ணி அவர் தேம்பி அழுதார். குடும்பச் சொத்தைக் காப்பதற்காகத் தாய்மாமன் செய்த ஏற்பாடு அது. வேறு வழி இருந்ததா என்பதை நாம் இங்கிருந்துகொண்டு தீர்ப்பிட முடியாது. அந்த அழுகையை அறிந்த பின் பிள்ளைகள் உண்ட சோறு எப்படி இறங்கியிருக்கும்!

1892 மே மாதத்தில், கால்கள் செயலற்ற நிலையில் அவர் வீடு திரும்பினார். இனி ஓடிவிடுவார் என்னும் அச்சம் இல்லை. செலினுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மடத்தில் சேரும் ஆவலை ஒதுக்கி வைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தந்தைக்குப் பணிவிடை செய்தார். 1894 ஜூலை 29, ஞாயிறு காலை, லா மூஸ் என்னும் ஊரில் இறுதி வேளை வந்தது. செலின் படுக்கையருகே இருந்து இயேசு மரி சூசை திருப்பெயர்களைச் சொல்லி வேண்ட, பெரியவர் கண்களைத் திறந்து மகளை அன்போடு நோக்கிவிட்டு உயிர் நீத்தார். ஏழு வாரங்களுக்குள் செலின் கார்மேல் மடத்தின் படியேறினார்.

மடத்தில் தந்தையின் நினைவை மூடிவைக்கவில்லை. தந்தை இறந்து ஆறு மாதங்களில், 1895 ஜனவரியில், மடத்துத் தலைவியான அக்காள் பவுலினின் கட்டளைப்படி தெரேசம்மாள் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அதில் சிறு வயதுக் காட்சி ஒன்றைக் குறித்திருக்கிறார். தந்தை வெளியூர் சென்றிருந்த ஒரு நாள், ஆறேழு வயதுச் சிறுமியான அவர் சன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தபோது, தந்தையைப் போன்றே உடையணிந்த ஒருவர் முதுகு வளைந்து, தலையைத் துணியால் மூடியபடி நடந்து செல்லக் கண்டார். அப்பா, அப்பா என்று நடுங்கிக் கூவினார், உருவம் மறைந்துவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பின், நோயுற்ற தந்தை தம் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வதை அறிந்தபோதுதான், மரியாவும் அவரும் அக்காட்சியின் பொருளை உணர்ந்தார்கள். பாடுகளின்போது மறைக்கப்பட்ட ஆண்டவரின் திருமுகத்தையே அவர்கள் தந்தையிடம் கண்டார்கள். சகோதரியர் இருவரின் துறவுப் பெயரிலும் திருமுகம் இடம்பெற்றது.

செலினின் நூலும் இவ்வழியில் சென்றதே. கடிகாரக் கடையையும் மீன் தூண்டிலையும் எழுதிய அதே கை, கான் நகரத்து இல்லத்தையும் எழுதிற்று. 1957இல் மார்ட்டின் அவர்களைப் புனிதராக்கும் முயற்சி மறைமாவட்ட அளவில் தொடங்கியபோது, மூதாட்டி செலின் சாட்சியம் அளித்தார். 1959 பிப்ரவரியில் அவர் இறந்தார். ஐந்து சகோதரிகளில் கடைசியாகப் போனவர் அவரே. தந்தையும் தாயும் 2008இல் அருளாளர்களாகவும், 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதர்களாகவும் அறிவிக்கப்பட்டார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதன்முறை. அவர்களுடைய திருநாள் ஜூலை 12, அவர்கள் திருமணம் செய்துகொண்ட நாள்.