கண்ணில் விழுந்த பூ



கோவில்பட்டிக் கரிசல் காட்டில் கம்பும் சோளமும் அறுக்கும் காலத்தில் தோகை கண்ணைக் கீறுவதுண்டு. கீறல் சிறிதாயினும் அதன் வழியே பூஞ்சைக் கிருமி கருவிழியில் புகுந்து புண்ணாக்கும். உடனே கண் மருத்துவரிடம் செல்லாமல் தாய்ப்பாலும் இலைச்சாறும் ஊற்றிக் காலங்கடத்துவோர் இன்றும் உளர். புண் ஆறினாலும் வெண்தழும்பு நிற்கும். அதையே 'பூ விழுந்தது' என்கிறோம்.

ஆழ்ந்த தழும்பைச் சொட்டு மருந்து போக்காது. அப்பகுதியை வட்டமாக வெட்டியெடுத்து, இறந்தவர் தந்த தெளிந்த கருவிழியை மயிரினும் மெல்லிய நூலால் தைக்க வேண்டும். எட்டயபுரம் வட்டாரத்து அயன்வடமலாபுரத்தில் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இச்சிகிச்சை நடைபெறுகிறது. ஆனால் ஒருவர் கண் தந்தாலன்றி மருத்துவர் ஏதும் செய்ய இயலாது.

உயிர்த்தெழும் நாளில் கண்ணின்றி எழுவோமோ என அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம். 1956-இல் இத்தாலியக் குரு கார்லோ ஞோக்கி இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய கருவிழிகள் பார்வையற்ற சிறார் இருவருக்குப் பொருத்தப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் இக்கொடையை ஆதரித்து உரையாற்றினார். 2009-இல் திருச்சபை அக்குருவை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். ஆகவே கண் வங்கிக்கு உடனே சொல்லியனுப்புக. அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்துக. முதுமையோ மூக்குக்கண்ணாடியோ தடையன்று. துக்க வீட்டில் ஆலோசிக்க நேரமிராது. இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் பேசி முடிவு செய்யுங்கள்.